எனக்கு வராத இரண்டு சொல்

மீன் வேண்டாம் என்று கையை ஆட்டினால், இந்த ஊரில் கிண்ணத்திலிருந்து மீனை மட்டும் எடுத்துவிட்டு அதே சாற்றைச் சிரித்தபடி நீட்டுகிறார்கள். யுத்தத்துக்கு முந்திய வருஷம், புதுச்சேரியில் கப்பலேறி சைகோனுக்கு வந்த புதிதில், நடுப்பகல்தோறும் எனக்கு இதுதான் நடந்தது. நாங்கள் குடியிருந்த மாடி அறையில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது வீட்டுக்காரர் கட்டளை. கீழே லான் என்ற உள்ளூர் அன்னாமியப் பெண் சோற்றுக்கடை வைத்திருந்தாள். நான் கேட்டால் மீன் சாறு. ஜவுளிக்கடை வேலை முடிந்து மாலையில் திரும்பும் என் கணவர் ஏதோ இரண்டு சொல் சொன்னால், வெள்ளைச் சோறும் கீரையும் வந்துவிடும். கூடவே இருவரும் எதற்கோ சிரிப்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திண்டிவனத்தில் நான் இன்னது சாப்பிடுவேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. இன்னார் வீட்டுப் பெண், சைவம் என்று தெரிந்தே பந்தியில் உட்காரவைப்பார்கள். கல்யாணமாகி விழுப்புரம் போன பிறகும் அப்படித்தான். இங்கே எனக்கும் என் சோற்றுக்கும் நடுவில் இன்னொருத்தி நின்றாள். அந்தச் சொற்களை அவரிடம் கேட்டால் தோற்றதாகிவிடும் என்று, பகலெல்லாம் வாழைப்பழம் தின்று கிடந்தேன்.

ஒரு மாலை தட்டைத் தள்ளிவிட்டு, லான் இதில் மீன் சாறு ஊற்றியிருக்கிறாள், வாடை அடிக்கிறது என்றேன். பொய்தான். அவர் தட்டோடு இறங்கிப்போய்க் கடிந்து பேசினார். நான் படியில் நின்று பார்த்தேன். லான் உள்ளேயிருந்து ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து அவர் மூக்கருகே நீட்டினாள். கழுத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட சட்டி. மீன் படாமல் எங்களுக்கென்றே தனியாக வைத்திருந்தாளாம்.

மேலே வந்தவரிடம் நானே சொல்லிவிட்டேன். "வாடை எதுவும் இல்லீங்க. நீங்க அவகூட சிரிச்சிக்கினு பேசறது எனக்குத் தாங்கல."

அவர் தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "என் பேச்சு அவ்ளோ கோணலா இருக்குது, அதான் அவ சிரிக்கிறா. மீனு வாணாம்னா மீனை மட்டும் எடுத்துடுவாங்க. 'ஆன் சாய்'னு சொல்லணும். விரதச் சாப்பாடுன்னு அர்த்தம். நீயே போய்ச் சொல்லு" என்றார்.

மறுநாள் போய்ச் சொன்னேன். லான் விழித்தாள். பிறகு பானையின் அடியைச் சுரண்டி, தீய்ந்த சோற்றை என் முன் வைத்தாள். 'சாய்' என்பதை உயர்த்திச் சொன்னால் அடிப்பிடித்த சோறாம். நான் சொன்ன பொய்க்கு இது தகும் என்று முழுவதையும் தின்றேன். அவள் என்னருகே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொல்லும்படி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தாள்.

அமாவாசையன்று லான் வீட்டாரும் மீன் தொடமாட்டார்கள். அன்று லான் தன் பெண்களோடு என்னையும் மேசையில் உட்காரவைத்தாள். எல்லோருக்கும் ஒரே சோறு. அந்தப் பெண்களைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. விடிந்தால் அவர்கள் தங்கள் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். என் சாப்பாட்டுக்குத் திரும்ப நான் கடலைத் தாண்டவேண்டும். நாற்காலியில் ஒரு காலை ஊர்ப் பந்தியில் போலச் சம்மணமாக மடித்து, மற்றதை அவர்களைப் போலத் தொங்கவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.