கரி, ஓடு, தொண்டு: அம்மாவின் மரவாழைக்கு வேண்டியவை

கொச்சி மட்டாஞ்சேரி மரக்கிடங்கில், மலையிலிருந்து வந்திறங்கிய அடிமரம் ஒன்றில், பட்டையைப் பற்றிக்கொண்டு ஒரு செடி இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தது. பட்டையைச் செதுக்கக் கோடாலியை ஓங்கிய கிடங்குக்காரச் சேட்டனை என் அம்மா கையமர்த்தினார். நான் அப்போது பள்ளிச் சிறுமி, பக்கத்தில் நின்றேன்.

"அம்மே, இது மரவாழை. காட்டிலே நிக்கும், வீட்டிலே பிடிக்கில்லா" என்றார் அவர்.

"பிடிக்குமா, பிடிக்காதான்னு நான் பாத்துக்கறேன். பட்டையோட வெட்டித் தா."

அன்று காய்கறிப் பையில் மரவாழை என்கிற அந்த ஆர்க்கிட் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பாலக்காட்டில் பிறந்த அம்மாவுக்குத் துளசி வளர்க்கத் தெரியும். அதே பழக்கத்தில் மண்ணும் சாணமும் இட்டு நட்டார், வேர் அழுகியது. மிஞ்சியதைத் தொண்டில், அதாவது தேங்காய் உரிமட்டையில், கட்டினார். அது காயலில் ஊறிய தொண்டு. உப்பேறி இலைநுனி கருகியது. அம்மா விடவில்லை. தொண்டை மழைநீரில் அலசி அலசி உப்பெடுத்தார். குமுட்டிக் கரி, உடைந்த கூரை ஓடு, காற்று ஓடும் மூங்கில் கூடை, கட்டக் கயிறு. வேண்டியது இவ்வளவுதான். மண் மட்டும் ஆகாது.

"சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. இதுக்கு என்ன இத்தனை உபசாரம், மன்னி?" என்பார் அத்தை.

"பாயசமா கேக்கறது? கரிதானே கேக்கறது" என்பார் அம்மா.

அப்பா காலமானார். சடங்குகள் முடிந்ததும், இனி இந்த வீட்டில் பூ எதற்கு என்று உறவினர் கூடைகளை இறக்கச் சொன்னார்கள். அம்மா முற்றத்துக்கு வந்து நின்றார்.

"தலையில வச்சுக்கத்தான் விடமாட்டேள். கண்ணால பாக்கறதுக்குமா தடை? கூடைமேல யாரும் கை வைக்கப்படாது."

யாரும் வைக்கவில்லை. அதன்பின் அப்பளம் இட்டு விற்று என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தார். நோயில் படுத்தபோதும் கட்டிலை முற்றத்துப் பக்கமே போடச் சொன்னார்.

அம்மா போய் ஒரு வருஷமாகிறது. வருஷாப்திகத்தோடு கூடைகளையும் யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார் பெரியப்பா. கொடுக்கமாட்டேன். அதை மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

நோயில் துணைநின்ற அண்டை வீட்டாருக்கும், பட்டைத் துண்டுகளை எடுத்துவைத்துத் தந்த மரக்கிடங்குச் சேட்டனுக்கும், முணுமுணுத்துக்கொண்டே கடைசிவரை கரி சேர்த்துக் கொடுத்த அத்தைக்கும் என் நன்றி.

அம்மாவின் செடியில் இப்போது ஒரு காய் முற்றுகிறது. உள்ளே விதை விபூதியைப் போல் நைசாக இருக்குமாம். காய் வெடித்ததும் தாய்ச்செடியின் வேரடியிலேயே தூவப் போகிறேன். வீட்டில் விதை முளைக்காது என்று கல்லூரியில் சொல்கிறார்கள்.

முளைக்குமா, முளைக்காதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.