வாசலில் தானாக நிற்கும் பைக்

அன்று ஆலங்குடிப் பட்டறையில் இருந்தது மெக்கானிக், நான், மருந்தடிக்கிற என் மிஷின், அவ்வளவுதான். வயலில் கடலைச்செடியைப் புழு தின்கிறது, மிஷின் கிளம்பவில்லை. பெட்ரோலில் கலக்கிற எத்தனால் கார்பரேட்டரில் தங்கிக் கெடுக்கிறது என்றார் மெக்கானிக்.

அப்போது ஒரு பழைய பைக் வந்து, சரியாக வாசலில் தானாக அணைந்தது. ஓட்டி வந்த நரைமீசைக்காரர் சாவியைத் தொடவே இல்லை.

"பெட்ரோல் தீந்துபோச்சுங்களா?" என்று பதறினேன்.

"டாங்க் நெறைய இருக்கு. வர்ற வழியிலயே பெட்ரோல் டேப்ப மூடிட்டேன்."

"எத்தனால் கலக்காத பெட்ரோல் எங்கிட்டு கெடைக்கும்ங்க?"

"கறம்பக்குடி வரைக்கும் தேடிட்டேன், இல்ல. வேலை முடிஞ்சதும் டேப்ப மூடிட்டு, உள்ள கெடக்கிறது எரிஞ்சு தீர்ற வரைக்கும் ஓட விடுங்க. காஞ்ச கார்பரேட்டர் கெடாது."

"மூட மறந்துட்டா?"

"நீங்களா? மூடிட்டு நாலு தடவ போயிப் பாப்பீங்க" என்று சிரித்தார் மெக்கானிக்.

மிஷினை அன்றே சுத்தம் செய்து கொடுத்தார், கடலை தப்பியது. இப்போது இரண்டு மாதம் சும்மா கிடந்தாலும் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. என் பைக்குக்கும் அதே வைத்தியம்தான். ஆனால் அது வீட்டுக்கு நாலு வீடு முன்னாலேயே நின்றுவிடுகிறது, தள்ளிக்கொண்டு போகிறேன். எவ்வளவு தூரத்தில் மூடினால் வாசலில் நிற்கும் என்று அந்த நரைமீசைக்காரரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன்.