சுவிட்ச் இல்லாத சுவர்

ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், இந்த நாட்டில் பிளக் சொருகும் இடங்களுக்குச் சுவிட்ச் கிடையாது. டெக்சாஸில் என் மகள் பானு படிக்கும் பல்கலைக்கழகத்தின் மாணவர் குடியிருப்பில், எங்கள் இரண்டு அறை வீட்டில் மட்டும் அப்படிப் பதினேழு இருக்கின்றன. பதினேழிலும் எந்நேரமும் கரண்ட் ஓடுகிறது. ஊரில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துவிட்டுத்தான் பூட்டைத் தொடுவோம். இங்கே அணைப்பதென்றால் ஒயரைப் பிடுங்க வேண்டும். ஃப்ரிட்ஜை மட்டுமாவது விட்டுவையுங்கள் என்று முதல் வாரமே பானு கேட்டுக்கொண்டாள்.

நான் வந்தபோது அவளுக்கு எட்டாம் மாதம். மாப்பிள்ளைக்கு வேலை கலிபோர்னியாவில், பிளசன்டனில். பிரசவத்துக்குத் தாய் வரவேண்டும். தாய் இல்லாததால் நான் வந்தேன். இருபத்திரண்டாம் நாள், கோவையில் என் அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். உயிர் இருக்கும், குரல் இருக்காது. புறப்பட்டு வருகிறேன் என்று போனில் சொன்னேன். "புள்ளைய இந்த நெலமையில விட்டுட்டு வந்தீன்னா என் மூஞ்சில முழிக்காதே" என்றார். கரகரத்துத்தான் வந்தது அந்தக் குரல். ஒரு போன் கார்டில் ஆறு நிமிடம்தான் பேசலாம். அதற்குள் பதிவு செய்த பெண்குரல் ஒன்று குறுக்கே வந்துவிடும். அண்ணன் மகன் செந்தில்தான் வழி சொன்னான்: உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வந்துவிட்டால், இங்கே பிரவுசிங் சென்டரில் அப்பாவை மைக் முன் உட்கார வைக்கிறேன், ஒரு மணி நேரம் பேசலாம். ஆபரேஷன் வியாழக்கிழமை. புதன் காலை ஆறு மணிக்குப் பேசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. இங்கே அது செவ்வாய் மாலை ஏழரை.

திங்கட்கிழமை குடியிருப்பு அலுவலகத்திலிருந்து டெனிஸ் என்ற அம்மாள் வந்தார். கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் அட்டை ஒன்றைப் பொருத்தி, அதன்மேல் எழுத்தும் எண்ணுமாக இருந்த பன்னிரண்டையும் குறித்துக்கொண்டு, நீல ஒயர் ஒன்றைச் சுவரில் சொருகினார். நாளை மாலை ஐந்துக்குள் அலுவலகத்திலிருந்து சோதித்து இணைப்புக் கொடுப்பார்கள், அதுவரை எதையும் அணைக்கக் கூடாது, கம்ப்யூட்டரிலிருந்து பதில் வராவிட்டால் விண்ணப்பம் வரிசையின் கடைசிக்குப் போய்விடும் என்றார். சரி என்று மூன்று முறை சொன்னேன்.

செவ்வாய் மதியம் இரண்டு இருபதுக்கு இடி இடித்தது. நான் பொள்ளாச்சியில் தந்தி அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். இடி வந்தால் முதலில் லைனைக் கழற்று என்பதுதான் முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கழற்றாமல் விட்ட கருவி ஒன்று புகைந்து கருகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினேன். முதலில் ஏழு, பிறகு நான்கு. நான்கு வந்ததும் எழுந்து, சொருகியிருந்த ஒன்பதையும் பிடுங்கினேன், கடைசியாக நீல ஒயரை. அண்ணனோடு பேசப்போகும் பெட்டி கருகிவிடக் கூடாதே என்றுதான் பிடுங்கினேன். நான்கு மணிக்கு மழை விட்டதும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். மூன்று மணிக்கே சோதித்துப் பார்த்துவிட்டார்களாம்.

பானு வந்து திரையைப் பார்த்தாள்.

"அப்பா, நடுவுல எதையாவது கழட்டினீங்களா?"

"இடி இடிச்சுதும்மா."

அவள் கோபப்படவில்லை. வயிற்றில் கைவைத்தபடி அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அலுவலகத்துக்கு நடந்தேன், ஆயிரத்து நூற்று நாற்பது அடி. வியாழக்கிழமை என் அண்ணனுக்குக் குரல் போகிறது, அதற்குள் இணைப்பு வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் டெனிஸிடம் சொன்னேன். அவர் பரிவோடு, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், இரண்டே நாளில் குரல் திரும்பிவிடும் என்றார். நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். முன்பின் தெரியாதவரிடம் அந்தச் சொல்லை எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடியவில்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கோவையில் செந்தில் பிரவுசிங் கடைக்காரரைக் கெஞ்சி, விடியற்காலையிலேயே திறக்க வைத்திருந்தான். அண்ணன் காதில் ஹெட்போனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். கடையின் எண் என்னிடம் இல்லை. எப்படியாவது இணைப்பு வந்துவிடும் என்று எட்டரை வரை திரைமுன் காத்திருந்துவிட்டு, அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். பதினாறு முறை மணி அடித்து ஓய்ந்தது. கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். வார்டுக்குள் போன் இல்லை.

எங்கள் சுவருக்கு இணைப்பு வந்தது அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து. பேத்தி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. "சித்தப்பா, அப்பா பக்கத்துலதான் இருக்காரு. நீங்க பேசுங்க, அவரு டைப் பண்ணுவாரு" என்றான் செந்தில். ஸ்பீக்கரில் மின்விசிறிச் சத்தமும் பஸ் ஹாரனும் வந்தன. அவற்றுக்கு நடுவே, மைக்குக்கு மிக அருகில், ஒரு மூச்சு. சின்ன வயதில் ஒரே பாயில் படுத்துக் கேட்ட மூச்சு அல்ல; புதிதாக, இழுத்து இழுத்து வந்தது. குழந்தையின் எடை, நீளம், பிறந்த நேரம் எல்லாம் சொன்னேன். ஆங்கில எழுத்தில் தமிழாகப் பதில்கள் வந்தன. தந்திக்கு ஊரார் வார்த்தைகளை எண்ணியே சம்பாதித்தவன், அண்ணனுடையதையும் எண்ணிக்கொண்டிருந்தேன். இணைப்பு ஏன் தாமதமானது என்று அவர் கேட்கவில்லை. ஒயரைப் பிடுங்கியது நான்தான் என்று நானும் சொல்லவில்லை.

அப்போது என் ஜன்னலுக்கு வெளியே இடித்தது. மடியில் குழந்தை திடுக்கிட்டது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: "இடி சத்தம் கேக்குது. ஒயரக் கழட்டு."

ஐந்து வார்த்தை. மறுபடி மின்னியது. நான் கழற்றவில்லை. நீல ஒயரை ஒரு கையில் பிடித்தபடி, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள வினாடிகளை எண்ணுகிறேனா, அங்கே அவர் விடும் மூச்சை எண்ணுகிறேனா என்று தெரியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.