சனிக்கிழமைக்கு ஒரு கறுப்பு நாய்

அண்ணனுக்கு ஏழரைச் சனி பிடித்ததும் முதல் போன் எனக்குத்தான் வந்தது. குடும்பத்தில் வேன் வைத்திருப்பவன் நான். கோலா பிலாவில் ஒரு ஜோசியர், சனிக்கிழமைதோறும் கறுப்பு நாய்க்குத் தயிர்சோறு வைக்கச் சொல்லியிருந்தாராம். தெருநாய்க்கு வைக்கலாமே என்றேன். சிரம்பானில் அவர்கள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் தெருநாய்க்குச் சோறு வைத்தால் கௌரவம் என்னாவது? சொந்தமாகவே ஒரு நாய் வேண்டும் என்றார் அண்ணன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம், எண்ணெய்ச் செம்பனைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட நாய்க் காப்பகம் ஒன்று இருந்தது. அண்ணனையும் அண்ணியையும் வேனில் அங்கே கூட்டிப் போனேன். அதை நடத்திய சீனப் பெண்மணி மலாய் மொழியில் நிதானமாகக் கேட்டார். பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள்? வெளியூர் போனால் சோறு வைப்பது யார்? செருப்பைக் கடித்துக் குதறினால் என்ன செய்வீர்கள்? உங்கள் வாழ்க்கைக்கு ஒரு நாய் ஒத்துவருமா என்று வீட்டுக்குப் போய் யோசியுங்கள், அவசரமில்லை என்றார்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டுத்தான் பழக்கம்.

"எங்க வீட்டுல தானா தொறக்குற ஆட்டோகேட்டு இருக்கு லா," என்றார் அண்ணி. அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்குள் அவர் ஒரு கறுப்புக் குட்டியைத் தூக்கி, வயிறு, விரலிடுக்கு, வால் நுனி என்று புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். வெள்ளை முடி ஒன்றுகூட இருக்கக்கூடாதாம். பாசார் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிற அதே முகம்.

கலப்பினக் குட்டி, வளர்ந்தால் எப்படி மாறும் என்று தனக்கே தெரியாது என்று அந்தப் பெண்மணி எச்சரித்தார். யார் காதிலும் ஏறவில்லை. அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். குட்டி அட்டைப்பெட்டியில் பின்னால் வந்தது, வழியெல்லாம் அழுதுகொண்டு.

அதன்பிறகு சனிக்கிழமை தயிர்சோறு, எள்ளு, கும்பிடு. மற்ற நாளெல்லாம் சமையலறைக்குப் பின்னால் குட்டைச் சங்கிலி. அண்ணன் நாயை ஒருநாளும் தொட்டதில்லை. எட்ட நின்று கும்பிடுவார், அவ்வளவுதான். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது நாய்தான் என்று அண்ணி பழமொழி பேசுவார். நடுவீட்டில் வைத்தவர்கள் பேசினால் சரி. இவர் குளிப்பாட்டக்கூட இல்லை.

சில மாதங்களில் குட்டிமுடி உதிர்ந்தது. முதலில் காதுக்குப் பின்னால் பழுப்பு எட்டிப் பார்த்தது, பிறகு கழுத்தில். கடைசியில் முழு நாயும் பால் கலந்த தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒருநாள், பெடாஸில் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் என் வீட்டு வாசலில் அண்ணன் காரை நிறுத்தி, பின்பெட்டியைத் திறந்து நாயை இறக்கினார்.

"நம்மள நல்லா ஏமாத்திட்டாங்க தம்பி. இது கறுப்பே இல்ல. நீ எஸ்டேட்டுல இருக்க, எடம் கெடக்கு. உனக்கு ஒத்துவரும் லா."

மாதம் தவறாமல் மீசைக்கு மை பூசுகிற மனிதர் இதைச் சொன்னார்.

"காப்பகத்துலயே திருப்பிக் குடுத்துடலாமே அண்ணே?"

"அந்தப் பொம்பள கண்டபடி பேசுவா. நீ யோசிச்சு வை. வேணாம்னா நாளைக்கு வந்து எங்கயாச்சும் உள்ளுக்கு அவுத்து வுட்டுர்றேன்."

நாயை வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போய்விட்டார். தோட்டத்துக்குள் அவிழ்த்துவிடப்படும் நாய்களின் கதி இங்கே எல்லோருக்கும் தெரியும். காட்டுப்பன்றிக்கு வைத்த கண்ணி, இல்லையென்றால் செம்பனைப் பழம் ஏற்றும் லாரியின் சக்கரம்.

வாசற்படியில் உட்கார்ந்து, அந்தப் பெண்மணியின் கேள்விகளை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். பகலில் வீட்டில் யாருமில்லை. நான் தனியாள், ஆலையில் ஷிப்டு வேலை. வெளியூர் போனால் சோறு வைக்க ஆளில்லை. செருப்பு இருப்பதே ஒரு சோடி. எல்லாப் பதிலும் வேண்டாம் என்றே வந்தது. எனக்கு நாய்மேல் பெரிய பிரியமும் கிடையாது. ஆனால் அது அண்ணன் கார் போன திசையைப் பார்த்து வாலாட்டிக்கொண்டே நின்றது. போயும் போயும் அந்த மனிதருக்காக! "ரோஷம் கெட்ட நாயே, உள்ள வா" என்று கயிற்றை அவிழ்த்தேன். வந்தது.

வீட்டில் விட ஆளில்லாததால் வேலைக்கும் வேனிலேயே கூட்டிப் போனேன். ஆலை வாசல் மரநிழலில் வேன் நிற்கும். கதவைத் திறந்துவைத்தால் அது முன்சீட்டில் தூங்கும்.

அண்ணன் நாளைக்கு வருவதாகச் சொன்னவர், அடுத்த சனிக்கிழமை நெருங்கியபோதுதான் வந்தார்.

"தம்பி, வேன எடு. இந்தத் தடவ குட்டியோட தாய் தகப்பன் ரெண்டும் கறுப்பான்னு கேட்டே எடுத்துருவோம்."

அதுவரை அவர் கேட்டு நான் இல்லையென்றதில்லை.

"வேன்ல எடமில்லண்ணே."

"காலி வேன்ல எடமில்லயா?" என்று முன்கதவைத் திறந்தார். நாய் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"ஏய், எறங்கு," என்று அதட்டினார். அது அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. நான் வேன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அது இறங்கவில்லை.