எட்டாப்புக்கு ரெண்டு பேர்

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது பெண் பிள்ளைகள் நாங்கள் இரண்டு நீளப் பலகைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அறுபதுகளின் நடுவில், மானகிரிக்குப் பக்கத்து ஊரில், பஞ்சாயத்து நடுநிலைப் பள்ளி. தச்சு வேலை, நகை வேலை, கொத்து வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் எங்களைப் போல விவசாயம் பார்க்கிறவர்களின் பிள்ளைகளும்தான் அங்கே படித்தோம். பெரிய வீட்டுச் செட்டியார் பிள்ளைகள் காரில் ஏறிக் காரைக்குடிக்குப் போய்விடுவார்கள்.

ஏழாம் வகுப்புப் பாதியில் திரும்பிப் பார்த்தால் ஒரு பலகை காலி, இன்னொன்றில் இரண்டே பேர். ஒருத்தி பெரிய மனுஷியானாள், நின்றாள். ஒருத்திக்குத் தம்பி பிறந்தான், அவனைத் தூக்கிக்கொள்ள நின்றாள். ஒருத்தியை அத்தை மகனுக்குப் பேசி முடித்தார்கள். கணக்கு வாத்தியாரிடமிருந்து தப்பித்த சந்தோஷத்தில் அவள் எங்களுக்கு வடை கொடுத்துவிட்டுப் போனாள். பையன்கள் பக்கம் மட்டும் குறையவே இல்லை. போன வருஷம் தேறாதவர்களும் மீசை அரும்ப அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மிச்சமிருந்தது நானும் தச்சாசாரியார் மகளும். எனக்கு வாய் நீளம், அவளுக்கு நகம் நீளம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அரைப் பரீட்சை முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “இந்தா பாரு, ஆசாரியார் மக எட்டாப்புக்குப் போச்சுன்னா நீயும் போ. ஒத்தப் பொட்டப்புள்ளையா அம்புட்டுப் பயலுகளுக்கு நடுவுல உக்காரப் போறேன்னா, அது வேணாம்.”

அவள் கணக்கில் வாங்குகிற மார்க்கையோ வெளியில் சொல்ல முடியாது. அவள் தேறாவிட்டால் நான் அடுப்படிக்கு! அவளைத் தேறவைத்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். காரணத்தைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. என் படிப்பு தன் கையில் இருக்கிறதென்று தெரிந்தால் அவளுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் அல்லவா?

“எனக்குத் தமிழ் வர மாட்டேங்குது, ஒனக்குக் கணக்கு வர மாட்டேங்குது. சேந்து படிப்பமா?” என்று மெதுவாகக் கேட்டேன். உடனே சரி என்றாள். இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

தமிழ் வராது என்று நான் சொன்னது பொய்யில்லை. அரைப் பரீட்சையில் வரலாற்றுக் கதை ஒன்றை எழுதச் சொன்னதற்கு, ‘ராஜா சண்டைக்குப் போனாக, அங்கேயே செத்துப் போனாக’ என்று எழுதியிருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழ் வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, எல்லோரும் சிரிக்கட்டும் என்று காத்திருந்தார். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அதில் என்ன தப்பு என்று அவர்களுக்கும் தெரியவில்லை. ராஜாவாயிற்றே, எங்கள் ஊர்ப் பேச்சில் மரியாதையாகத்தானே எழுதியிருக்கிறது!

ஆசாரியார் மகள் மட்டும் அப்படி எழுதமாட்டாள். சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி வாசிக்கிறபோது பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு, நினைத்தால் அந்தக் குரலிலேயே பேசப் பழகியிருந்தாள். எனக்கும் அதே வைத்தியம் செய்தாள். எங்கள் வீட்டில் நடப்பதையெல்லாம் நான் செய்தியாக வாசிக்க வேண்டும்.

“அப்பா வயலுக்குப் போனார்கள். அம்மா புளி கரைத்தார்கள். சிவப்பு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது.”

‘போனாக’ என்று வாய் தவறினால் தொடையில் ஒரு கிள்ளு. அம்மா உள்ளேயிருந்து, “எவடி அவ, வீட்டுக்குள்ள ரேடியோப் பொட்டி கணக்கா?” என்று சத்தம் போடுவாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவளுக்கு நட்டக் கணக்கு சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. “நட்டத்துக்கு எதுக்கு விக்கிறாக? வச்சுக்கிட வேண்டியதுதானே?” என்று மடக்குவாள். கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் ஒவ்வொரு வியாபாரிக்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். மாட்டை விற்றவருக்கு மகள் கல்யாணம். துணியை விற்றவருக்குத் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட வேண்டுதல். “அடப் பாவமே” என்று உச்சுக்கொட்டிவிட்டு, விறுவிறுவென்று கணக்கைப் போட்டுவிடுவாள். அந்தப் புத்தகத்தில் இருந்த அத்தனை வியாபாரிகளின் குடும்பமும் எங்களுக்கு அத்துபடி ஆகிவிட்டது.

முழுப் பரீட்சை முடிவு சொல்லும் நாளில் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றோம். என் அப்பா வைக்கோல் விலை கேட்க வந்தவர் மாதிரி ஓரமாக நின்றார். ஆசாரியாரும் காதில் பென்சிலைச் செருகியபடி வந்திருந்தார். பெரிய வாத்தியார் முதலில் என் பேரைப் படித்தார். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அவள் பேருக்காகக் காத்திருந்தேன். அதுவும் வந்தது. நான் குதித்த குதியில் பாவாடை கிழிந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் ஆசாரியார் அப்பாவிடம் வந்தார். “அண்ணே, நல்லவேளை ஒங்க மக பாஸாச்சு. அது எட்டாப்புக்குப் போகாட்டி நீயும் போக வேணாம்னு எங்க புள்ளைகிட்டச் சொல்லிப்புட்டேன். தமிழ்ல ஒங்க புள்ளை கொஞ்சம் மட்டம்னாக, எங்க புள்ளை பயந்துக்கிட்டே இருந்துச்சு.”

அப்பா திகைத்துப்போனார். “அட, நானும் இதே பேச்சைத்தானே சொல்லி வச்சிருந்தேன், ஆசாரியாரே!”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவளை நான்தான் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று நான் நினைத்திருந்தேன். என்னைத் தான் இழுப்பதாக அவள் நினைத்திருக்கிறாள். மட்டமாம், நானாம்! கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பெரிய வாத்தியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “எட்டாவது இருக்கட்டும். அதுக்கு மேல காரைக்குடிக்கு பஸ்ஸுலல்ல போகணும்? அனுப்புவீகளா?” என்றார்.

அப்பா தலையைச் சொறிந்தார். “ஆசாரியார் அனுப்புனாகன்னா நானும் அனுப்புறேன்.”

“அண்ணே அனுப்புனாகன்னா எனக்கென்ன?” என்றார் ஆசாரியார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டேன் என்று முதலில் சொல்ல இருவருக்கும் கூச்சம். பெரியவர்கள் பேசுகிறபோது வாயைத் திறக்காத ஆசாரியார் மகள், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

“அப்படின்னா ரெண்டு பேரும் போறோம்” என்றாள்.