பெல்ட்டிலிருந்து வெட்டிய இரண்டு சாண்

என் இடது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்த அந்த மாதங்களை நான் இன்னும் மறக்கவில்லை. காபி டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியாது. சட்டைப் பட்டன் போட அம்மாவைக் கூப்பிட வேண்டும். கிட்டார்தான் என் பிழைப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த இருபத்து நாலு வயதுக்காரன், பட்டன் போட அம்மாவைக் கூப்பிட்டேன். கர்த்தர் அந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுத்த விதத்தைக் கேட்டால் சபையார் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்டு நடத்தினோம். கல்லூரி விழாக்களில் வாசிப்போம். மற்ற நாட்களில் நான் மெல்லிசைக் குழுக்களுடன் போவேன். வெள்ளகோவிலில் கல்யாண வரவேற்பு, கொடுமுடியில் திருவிழா, எங்கே கூப்பிட்டாலும் சரி. கிட்டார், பேஸ், மாண்டலின், கீபோர்டு, எந்த ஆள் வரவில்லையோ அந்த இடத்தில் நான் உட்காருவேன். "சாமு கையில எதக் குடுத்தாலும் பேசுமப்பா" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்கு நன்றாகவே தலைக்கு ஏறியிருந்தது.

அதற்கு அடையாளம் என் கிட்டார் பெல்ட். வெளிநாட்டு ராக் ஆட்கள் கிட்டாரை முட்டி வரைக்கும் தொங்கவிட்டு நிற்கும் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். எனக்கும் அப்படி நிற்க வேண்டும். கடையில் கிடைத்த பெல்ட் நீளம் போதவில்லை. எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் கீழ்க்குரல் பாடும் லில்லி அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், ஆலயத்துக்குப் பின்தெருவில் தையல் மெஷின் வைத்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, இன்னும் ரெண்டு சாணா? கிட்டார் முட்டியில இடிக்குமுங்க."

"அதான் ஸ்டைலுங்க்கா. உங்களுக்குப் புரியாது."

தைத்துக் கொடுத்தார். வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் நின்று மணிக்கணக்கில் பழகினேன். பாட்டைப் பழகினேனா, நிற்பதைப் பழகினேனா என்று கேட்காதீர்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து சில நாட்களில் ஒரு கல்லூரி விழா. சென்னையிலிருந்து வந்திருந்த ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து என்னைப் பார்த்தார். ஒரு இசையமைப்பாளரிடம் உதவியாளராக இருக்கிறாராம். "கிட்டார், பேஸ், மாண்டலின் மூணும் வாசிக்கிற ஆள் எங்களுக்கு வேணும். ஈஸ்டர் முடிஞ்ச வாரம் ரெக்கார்டிங் இருக்கு, வாங்க. சரியா வந்தா தொடர்ந்து கூப்பிடுவோம்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா மோட்டார் பம்பு கம்பெனியில் கடைசல் பட்டறையில் இருந்தவர். அவர் மட்டும் துள்ளவில்லை. "ஈஸ்டர் வரைக்கும் பாரு. அது ஆவலீன்னா எங்க கம்பெனி ஸ்டோர்ல வந்து சேர்ந்துக்க. மேனேஜர்கிட்டச் சொல்லிப்போட்டேன்" என்றார்.

அதே மாதம்தான் விரல்கள் மரக்க ஆரம்பித்தன. முதலில் சுருசுருவென்று ஊசி குத்தியது. பிறகு நடுப் பாட்டில் கம்பியை அழுத்த முடியாமல் விரல் வழுக்கியது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம் தொடங்கும்போது கிட்டாரை உறையில் போட்டு மூடிவிட்டேன். டாக்டரிடம் போனேன். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். "நீங்க கிட்டார் எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க" என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் கிட்டார் இருப்பதுபோல் பாவனை செய்து, முதல் பாடம் படிக்கும் மாணவன் மாதிரிக் கையை அழகாக நேராக வைத்துக் காட்டினேன். பெரிய மனிதர் முன்னால் காலை அகட்டி நின்று காட்ட வெட்கம். அவர் யோசித்துவிட்டு, "பிடிக்கிறதுல தப்பு தெரியலை. கொஞ்ச நாள் எதையும் வாசிக்காதீங்க. சரியாகலைன்னா ஆபரேஷன் பற்றிப் பேசலாம்" என்றார்.

நான் ஜெபித்தேன். உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, உம்முடைய மகிமைக்காக வாசிக்க வேண்டும், இந்தக் கையைக் குணமாக்கும்" என்று தினமும் கேட்டேன். சபையே எனக்காக ஜெபித்தது. ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம். கடவுள் மேலேயே கோபப்பட்டேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆலயத்தில் யாரும் இல்லை. பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வழக்கமான வார்த்தைகள் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். "ஆண்டவரே, உம்முடைய மகிமை என்று நான் சொன்னது பொய். எனக்குக் கைதட்டல் வேண்டும். எல்லாரும் என்னையே பார்க்க வேண்டும். அந்த ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ணப் பயமாக இருக்கிறது. நான் இப்படிப்பட்டவன்தான். உமக்குச் சித்தமானதைச் செய்யும்." அவ்வளவுதான் ஜெபம். தேம்பித் தேம்பி அழுதேன். எழுந்தபோது விரல் மரத்துத்தான் இருந்தது, ஆனால் மனசு லேசாகியிருந்தது.

மறுநாள் காலை பவனி. குருத்தோலை பிடித்துக்கொண்டு சபையார் தெருவெல்லாம் பாடிக்கொண்டு நடப்பார்கள். கீபோர்டைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. லில்லி அக்கா ஆலயத்தின் மாண்டலினை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

"என்னால முடியாதுங்க்கா. கை மரத்துப் போயிரும்."

"மரத்தா நிறுத்திக்கங்க கண்ணு. சுருதி இல்லாம இந்தக் கூட்டம் பாடுனா ஊடு ஊடாக் கதவச் சாத்திக்குவாங்க."

மாண்டலினுக்குப் பெல்ட் கிடையாது. அவரே ஒரு துணிப்பட்டையை எடுத்து, நழுவக் கூடாது என்று என் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. தெருமுனை திரும்பினோம். சந்தைப்பக்கம் போய்ச் சுற்றி, மறுபடியும் ஆலய வாசலுக்கு வந்தோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழியெல்லாம் வாசித்திருக்கிறேன், மதமதப்பு ஏறவே இல்லை!

நான் கையையே பார்த்துக்கொண்டு நிற்பதை லில்லி அக்கா பார்த்தார்.

"இப்பக் கை நேரா இருக்குதுங்க தம்பி. கிட்டார் வாசிக்கறப்பத்தான் கோழிக் கழுத்த முறுக்குனாப்பல மணிக்கட்ட மடக்கிக்குவீங்க."

முட்டி வரைக்கும் தொங்கிய கிட்டார்தான் மணிக்கட்டை அப்படி மடக்க வைத்திருக்கிறது. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிப்போய் பெல்ட்டை எடுத்து வந்தேன். அவர் தைத்த அதே இரண்டு சாணை அவர் கையாலேயே வெட்டச் சொன்னேன். கத்தரிக்கோல் துணியில் ஏறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஒரே நாளில் குணமாகிவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கிட்டாரை நெஞ்சுக்கு ஏற்றிப் பிடித்தும் பத்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. ரெக்கார்டிங்குக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஈஸ்டருக்கு மறுநாள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. ஸ்டூடியோவில் ஏதோ மராமத்தாம், ரெக்கார்டிங் ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போகிறதாம். நிகழ்ச்சி தள்ளிப்போனதற்காக என் வாழ்நாளில் முதல்முறை ஸ்தோத்திரம் சொன்னேன். அப்பாவும், "செரி, ஜூன் வரைக்கும் பாரு" என்று இறங்கி வந்தார். டாக்டரிடம் மறுபடி போய், இந்தத் தடவை எழுந்து நின்று, காலை அகட்டி, முட்டிக்குப் பக்கத்தில் கையை மடக்கிக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை அன்னைக்கே காட்டியிருக்கலாமே தம்பி" என்று சொல்லி, மணிக்கட்டுக்கு ஒரு பட்டையும் செய்ய வேண்டிய பயிற்சிகளும் கொடுத்தார். ஜூன் பிறப்பதற்குள் சட்டைப் பட்டனை நானே போட்டேன். அம்மா அழுதுவிட்டார்.

சென்னை ஸ்டூடியோவில் நெஞ்சுக்கு மேல் கிட்டாரை ஏற்றி மாட்டிக்கொண்டு நின்றேன். "என்ன சார், குழந்தைக்குப் பால் குடுக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பழைய சாமுவாக இருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். டேக் ஆரம்பித்தது. கிட்டார் பகுதி ஒரே டேக்கில் ஓகே. பேஸ் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள். பேஸையும் எடுத்தேன். சாயங்காலம் மாண்டலின். மூன்றும் அதே கை, அதே விரல்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். "நாளைக்கும் வந்திருங்க" என்றார். அந்த 'நாளைக்கு' இன்று வரைக்கும் முடியவில்லை! எத்தனையோ பாடல்களில், எத்தனையோ கருவிகளில் வாசித்துவிட்டேன். என் அப்பா, ஆம், அதே அப்பாதான், பட்டறையில் ரேடியோ பாடினால் கடைசல் மெஷினை நிறுத்திவிட்டு, "இருங்கப்பா, இது எம்பையன் வாசிச்சது" என்பாராம். அவர் அப்படிச் சொன்னதில் பாதிப் பாட்டு நான் வாசித்ததே இல்லை.

எங்கே வேலை இருந்தாலும் குருத்தோலை ஞாயிறு காலையில் கோயமுத்தூரில் இருப்பேன். மாண்டலினைக் கட்டிவிடுவது இப்போதும் லில்லி அக்காதான். வெட்டிய அந்த இரண்டு சாண் பட்டை என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது வெகுநாளாக ஜெபம் கேட்கப்படாமல் இருக்கலாம். நம்பிக்கையை விடாதீர்கள், அவர் கேட்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அழகாகக் காட்டாதீர்கள். எழுந்து நில்லுங்கள். உள்ளபடி எப்படிப் பிடிப்பீர்களோ, அப்படியே காட்டுங்கள்.