அண்ணனோட கிருமி

என் நாத்தனாருக்கு நாங்க வெச்ச பேரு கிருமிக்காரி. முப்பது வருஷமா ஆய்வுக்கூடத்துல நுரையீரல் கிருமிகளோடதான் குடித்தனம். கல்யாணம் காட்சின்னு வந்தாலும் யார் இருமுறாங்கன்னுதான் பார்ப்பா. என் சம்பந்தியம்மாகிட்டயே, "சளியை இந்த டப்பாவுல துப்பிக் குடுங்க"ன்னு கேட்டவ. எனக்கு மானமே போச்சு.

சளியில இருக்கிற கிருமியை ஒரு தட்டுல தடவி, பொட்டளவு மருந்துக் காகிதங்களை அது மேல வெச்சு வளர விடுவா. மறுநாள் காகிதத்தைச் சுத்தி கிருமி வளராத வெறும் வளையம் விழுந்தா அந்த மருந்து கேக்கும். காகிதம் வரைக்கும் கிருமி ஏறி வந்துட்டா கேக்காது. இதுக்குப் போய் முப்பது வருஷமாடின்னு கேட்டிருக்கேன். "வளையம் வருஷா வருஷம் சின்னதாகுது அண்ணி. ஒருத்தராவது அளக்க வேண்டாமா?"ம்பா.

அவ அண்ணன், அதான் என் வீட்டுக்காரர், மழை வந்தா இருமுவார். டாக்டர் எழுதின மாத்திரையில ரெண்டு நாள் போட்டதும் தெம்பாயிடுவார். மிச்சத்தை அடுத்த இருமலுக்குன்னு நான் அலமாரியில பத்திரப்படுத்துவேன். "அரைகுறையா போட்டா மிச்சக் கிருமி மருந்துக்குப் பழகிடும் அண்ணி"ன்னு அவ தலையில அடிச்சுக்குவா. "உன் பாடத்தை லேபோட வெச்சுக்கோ"ன்னு அவ வாயை அடைச்சேன். திமிர், வேறென்ன.

ஒம்பது வருஷம் முன்னாடி அவருக்கு நிமோனியா. ஐசியுவுல படுத்துட்டார். சளியை அவளே வாங்கிட்டுப் போனா, வேற யாரையும் தொட விடல. பதினாலு காகிதம் வெச்சா. ஒரே ஒரு வளையம் விழணும்னு நான் வேண்டாத சாமி இல்ல. மறுநாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில வந்து நின்னா.

"ஒண்ணுகூட விழல அண்ணி."

நாலாம் நாள் போயிட்டார்.

"நான்தான் கொன்னேனாடி?"ன்னு கேட்டேன். "அந்தக் கிருமி எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது அண்ணி"ன்னா. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாவி, பொய் சொல்லத் தெரியாது.

அந்தக் கிருமியைக் கொளுத்திப் போடுன்னு கத்தினேன். கேக்கல. உறைய வெச்சு வெச்சிருந்தா. எந்தப் புது மருந்து வந்தாலும் முதல்ல அது மேலதான் போட்டுப் பார்த்திருக்கா, ஒம்பது வருஷமும்.

நேத்து மத்தியானம் போன் பண்ணினா. அழுகையில பேச்சே வரல.

"அண்ணி, அண்ணனோட கிருமி செத்துடுச்சு. நல்ல பெரிய வளையம்."

எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னே தெரியல.

"அந்த மருந்தை எத்தனை நாள் குடுக்கணும்?"

"ஏழு நாள்."

ஏழு நாளும் நான் ஒழுங்கா குடுத்திருப்பேன்.